ஆயா குழந்தைவேலு

மலாயாவில் கரங்கான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் ஆயா வேலைக்கு ஆள் தேடியபோது குழந்தைவேலு தானாகப் போய் நிற்கவில்லை. அவன் மனைவி மருதம்மாள்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஆபீஸ் வாசலில் நிறுத்தினாள். அவன் முரண்டு பிடிக்கவில்லை. காய்ச்சலில் விழுந்து எழுந்தவனுக்கு, இழுத்த பக்கம் போகிற அளவுக்குத்தான் தெம்பு இருந்தது.

ஜப்பான்காரன் வந்து ஒரு வருஷம் தாண்டியிருந்தது. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போயிருந்தார். போகும்போது நாயை மறக்காமல் காரில் ஏற்றிக்கொண்டார். ரப்பரை வாங்க ஆளில்லை. பால் வெட்டு பெரும்பாலும் நின்றுபோய், மரங்களைச் சாய்த்து மேட்டில் மரவள்ளி நடும் வேலை ஆரம்பமாயிற்று. ஆண், பெண் எல்லாருக்கும் மண்வெட்டி கொடுத்தார்கள். வேலைக்குப் போனால் அரிசி. போகாவிட்டால் அதே மரவள்ளிதான், அதுவும் திருடித் தின்ன வேண்டும்.

தாய்மார்கள் வேலைக்குப் போகையில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக, கூலிகள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஆயாக் கொட்டகை ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த கிழவி மலேரியாவில் போய்ச் சேர்ந்தாள். அப்புறம் பெண்கள் பிள்ளைகளை மேட்டுக்கே தூக்கிப்போய், வெட்டிய மரத்தின் அடிக்கட்டைகளுக்கு நடுவில் ஏணை கட்டித் தொங்கவிட்டார்கள். ஒருநாள் விறகுவெட்டி பழனியாண்டியின் மனைவி நவமணி, தன் கைக்குழந்தை பிரேமாவதியை ஏணையிலிருந்து எடுத்தபோது பிள்ளையின் முகம் எறும்பு கடித்துப் பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது. அன்று சாயங்காலம்தான் மருதம்மாள் தன் புருஷனை இழுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள்.

தோட்டத்தில் துரை இல்லாததால் எல்லாம் கணக்கு எழுதுகிற சுப்பிரமணியம் கிராணிதான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குழந்தைவேலுவை மேலும் கீழும் பார்த்தார்.

“ஆயான்னா பொம்பள வேல, மருதம்மா.”

“மண்ணு வெட்டுறது ஆம்பள வேலைன்னு போன வருஷம் வரைக்கும் நீங்கதானுங்க சொன்னீங்க.”

“அது இப்ப மாறிப்போச்சு.”

“இதுவும் மாறிப்போச்சுன்னு வச்சுக்குங்க. இவருக்கு மண்வெட்டி தூக்க முடியல. இடது பக்கம் வயிறு இன்னும் வீங்கிக் கெடக்குது, பாருங்க. காட்டுங்க.”

குழந்தைவேலு சட்டையைத் தூக்கிக் காட்டினான். கிராணி பார்த்தார். வீங்கித்தான் இருந்தது.

“பிள்ளை வளர்க்கத் தெரியுமா?” என்று அவனைக் கேட்டார்.

“தெரியாதுங்க.”

“எங்களுக்கு மட்டும் பொறக்கும்போதே தெரியுமா?” என்றாள் மருதம்மாள்.

அடுத்த நாளே அவனுக்கு ஆயாவுக்குரிய அரிசி ஒதுக்கப்பட்டது. அது மண்வெட்டுகிறவர்களுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. ஆண் ஆயாவுக்குக் கூட்டித் தருவார்களா என்று கேட்டான். இல்லை என்றார்கள்.

முதல் வாரம் அவன் பட்ட பாட்டைத் தோட்டமே கேட்டது. பிள்ளைகள் ஒரே குரலில் அழுதால் மேட்டு வரைக்கும் எட்டும். அவனுக்குத் தாலாட்டு ஒன்றுகூடத் தெரியாது. தெரிந்ததெல்லாம் தைப்பூசத்துக்குப் பாடுகிற காவடிச் சிந்துதான். வேறு வழியில்லாமல் அதையே எடுத்துவிட்டான். முதலில் பிள்ளைகள் பயந்து வாயை மூடின. பிறகு பழகித் தூங்கின. கொஞ்ச நாளில் லயத்துப் பெண்கள் வந்து புகார் சொன்னார்கள்: வீட்டில் ஆராரோ பாடினால் பிள்ளை கண்ணைக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருக்கிறதாம், காவடிச் சிந்து பாடினால்தான் இமை மூடுகிறதாம். அந்தப் பக்கத்தில் பல வீடுகளில் பொழுது சாய்ந்தால் தைப்பூசம் நடந்துகொண்டிருந்தது.

பழனியாண்டி விறகு வெட்டப் போகும்போதும் வரும்போதும் கொட்டகை வாசலில் ஒரு நிமிஷம் நிற்பான். தோட்டத்தில் அவனைப் போலச் சிரிக்கிறவன் கிடையாது.

“என்னா ஆயாம்மா, பால் சுரந்திருச்சா லா?”

குழந்தைவேலு அழுகிற பிள்ளையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொள்வான். ஒரு பிள்ளை இடுப்பிலும் ஒரு பிள்ளை தோளிலும் இருக்கிறவனால் கோபப்பட முடியாது என்பதை அவன் அங்கேதான் கண்டுபிடித்தான்.

பால் என்று சொன்னால் அது பெரிய பாடு. டின் பால் கண்ணிலேயே படவில்லை. தாய்மார்கள் மத்தியானம் இறங்கி வந்து கொடுப்பதுதான்; அவர்களும் கிழங்கு தின்று பாதி வற்றிப்போயிருந்தார்கள். குழந்தைவேலு மரவள்ளி மாவைக் கரைத்துக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, சங்கில் ஊற்றிப் புகட்டினான். யாரோ கவனிக்காமல் மேயவிட்ட ஆடு ஒன்றை, வேறு யாராவது பார்ப்பதற்குள் கொட்டகைக்குப் பின்னால் கட்டினான். பசி அழுகை, வயிற்றுவலி அழுகை, சும்மா அழுகை மூன்றையும் பிரிக்கக் கற்றுக்கொண்டான். மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு வந்தது. ஒரு பிள்ளை அவன் மடியிலேயே அடங்கிப்போயிற்று. அதன் தாய் மேட்டிலிருந்து ஓடி வரும்வரை அதைத் தோளில் போட்டு, உயிரோடிருக்கிற பிள்ளையைத் தட்டுவதுபோலத் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். மற்ற பிள்ளைகளுக்குக் கஞ்சி கொடுக்க வேண்டிய நேரம் வந்தது. கொடுத்தான்.

வீட்டிலும் காரியம் தலைகீழாகப் போயிற்று. மருதம்மாள் மண் அப்பிய காலோடு வந்து சுவரில் சாய்வாள். குழந்தைவேலு சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்துவிட்டு ஆரம்பிப்பான்: எந்தப் பிள்ளை எதை விழுங்கியது, எது எதைக் கடித்தது, எதற்கு மாந்தம்.

“நாள் பூரா மண்ணு வெட்டிட்டு வந்திருக்கேன். கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்,” என்றாள் ஒருநாள்.

அந்த வாக்கியம் எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது அவனுக்கு. யோசித்துப் பார்த்தபோது, கல்யாணமான நாளிலிருந்து அவன்தான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் வாயை மூடிக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனான். வாசலில் தடுக்கி விழுந்த அவர்கள் மகள் குணவதி “அப்பா” என்று கத்திக்கொண்டு அவனிடம் ஓடினாள். மருதம்மாள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

“எங்கிட்ட வரமாட்டேங்குது.”

“உன்னயத்தான் பாக்கவே முடியலியே.”

“அரிசி யாரு கொண்டாறது?”

“நீதான்.”

“அப்ப சரி,” என்றாள். ஆனால் அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு வந்தது அந்த வருஷந்தான். முதல் லோரியில் போனவர்களுக்கு மூன்று மாதத்தில் திரும்பலாம், கைநிறையச் சம்பளம் என்று சொல்லியிருந்தார்கள். ஆறு மாதமாகியும் ஒருவரும் திரும்பவில்லை. அடுத்த லோரிக்கு ஆசை காட்டவில்லை, பெயர் வாசித்தார்கள். குழந்தைவேலுவின் வயிறு வற்றி ஆள் தேறியிருந்தான். பிள்ளைகளோடு சேர்ந்து ஆட்டுப்பாலை அவனும் ஒரு வாய் குடித்திருக்கலாம். சாயங்காலம் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவன் பெயரையும் வாசித்துவிட்டார்கள். பழனியாண்டி பெயர் வரவில்லை. ஆபீசுக்கும் ரப்பர் உலர்த்தும் புகைக் கூண்டுக்கும் விறகு வேண்டும் என்று இரண்டு தடவையும் அவனை விட்டுவைத்திருந்தார்கள்.

மருதம்மாள் அழுதாள். நவமணி அழவில்லை. அன்று ராத்திரி லயம் லயமாகப் போய்ப் பெண்களிடம் பேசினாள்.

விடிந்ததும் பெண்கள் வழக்கம்போலப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கொட்டகையைத் தாண்டி நேரே ஆபீசுக்குப் போனார்கள். கூலிம் பட்டணத்திலிருந்து வந்த ஜப்பான் அதிகாரி அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாசலில் லோரி நின்றது. பெயர் வாசிக்கப்பட்ட ஆண்கள் மூட்டையோடு வரிசையில் நின்றார்கள். நவமணி முதலில் போய், பிரேமாவதியைக் கிராணியின் மேசைக்கு முன்னால் சிமெண்டுத் தரையில் உட்காரவைத்தாள்.

“கிராணி ஐயா, ஆயாவ நீங்க அனுப்பிட்டீங்க. எங்களுக்கு வேலைக்கு நேரமாச்சு. பாத்துக்குங்க.”

அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக இறக்கிவிட்டார்கள். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தார்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பேசி வைத்திருந்தார்கள், ஒருத்திகூடத் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

ஒரு பிள்ளை தொடங்க, எல்லாம் தொடங்கின. அதிகாரியின் நாற்காலிக்கடியில் ஒன்று தவழ்ந்தது. இன்னொன்று அவருடைய பூட்சின் மேலேயே ஈரம் பண்ணியது. அவர் எழுந்து, தனக்குத் தெரிந்த மலாயில் கத்தினார்.

“இனி சியாப்பா புன்யா?” யாருடையது இதெல்லாம் என்று கேட்கிறார்.

கிராணிக்கு நாக்குக் குழறியது. “ஆயா புன்யா, துவான்,” ஆயாவுடையதுங்க ஐயா என்று வரிசையில் நின்ற குழந்தைவேலுவைக் காட்டினார்.

அதிகாரி கிராணியை ஓர் அறை விட்டார். யாரையாவது அறைய வேண்டிய கட்டம் அது. கிராணிதான் பக்கத்தில் நின்றார். இதற்குள் நடக்கத் தெரிந்த பிள்ளைகள் குழந்தைவேலுவைக் கண்டுபிடித்து அவன் காலைக் கட்டிக்கொண்டன. அவன் பழக்க தோஷத்தில் மூட்டையைக் கீழே போட்டுவிட்டுப் பிரேமாவதியைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டான். அவள் அழுகை நின்றது. அதிகாரி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கையை வீசி அவனை வரிசையிலிருந்து வெளியே வரச் சொன்னார்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த பழனியாண்டி தூணில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தான். லோரிக்கு ஓர் ஆள் குறைந்தது. அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார். சிரிக்கிற ஆள் ஒருவன்தான் இருந்தான்.

பழனியாண்டிக்கு மூட்டை கட்ட நேரம் கொடுக்கவில்லை. லோரியில் ஏறுமுன் அவன் குழந்தைவேலுவிடம் வந்தான்.

“ஒரு தரம் குடு.”

பிள்ளையை வாங்கி முகத்தோடு சேர்த்தான். தாடி குத்தியதோ என்னவோ, பிரேமாவதி அலறிக்கொண்டு குழந்தைவேலுவின் பக்கம் கையை நீட்டினாள்.

“பாத்தியா. பெத்தவனத் தெரியல. ஆயாவத் தெரியுது.” திருப்பிக் கொடுத்துவிட்டான். “பாத்துக்க.”

“அண்ணே, நான் கேக்கலண்ணே...”

“அட போ,” என்று சொல்லி ஏறிக்கொண்டான்.

மத்தியானம் பால் கொடுக்க இறங்கி வந்த பெண்கள் குழந்தைவேலு கொட்டகையில் இருப்பதைக் கண்டு ஆரவாரம் செய்தார்கள். அவன் நவமணியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னான். வேறு யாரும் சொல்ல முன்வரவில்லை.

“எந்த லோரி?” என்று கேட்டாள்.

“காலைல போன லோரிதாம்மா.”

அவள் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். கொடுத்து முடித்ததும் பிள்ளையை அவனிடம் நீட்டிவிட்டு மேட்டுக்குப் போனாள். போகாவிட்டால் அரிசி இல்லை.

அதற்குப் பிறகு நவமணி அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தினமும் காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து நீட்டுவாள், சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வாள். குழந்தைவேலு மருதம்மாளிடம் புலம்பினான்.

“என் எடத்துல அவரு போயிட்டாரு.”

“அந்த எடத்த உண்டாக்குனது நீங்களா?”

“இல்ல.”

“நவமணியா?”

“இல்ல.”

“அப்ப படுங்க,” என்றாள். அவன் படுத்தான், தூங்கியதாகச் சொல்ல முடியாது. ஆனால் பழனியாண்டி போன பிறகு கொட்டகை வாசலில் யாரும் நின்று கேலி செய்யவில்லை. கேலி செய்ய ஆண்களே அதிகம் மிஞ்சவில்லை. அந்த நிம்மதி குழந்தைவேலுவுக்குக் கசந்தது.

ஜப்பான்காரன் தோற்றுப்போன செய்தி தோட்டத்துக்கு வரச் சில நாள் பிடித்தது. அடுத்த வருஷம் ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். பழைய துரை அல்ல, நாயும் இல்லை. அவர் ஆயாக் கொட்டகையை எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, இந்த வேலைக்குப் பெண்தான் வேண்டும் என்று உத்தரவு போட்டார். பெண்கள் இரண்டு நாள் முணுமுணுத்தார்கள். குழந்தைவேலு கத்தியை எடுத்துக்கொண்டு பால் வெட்டப் போனான். மரங்களுக்கு நடுவே நடக்கையில் தோள் வெறுமையாக இருந்தது. சில நாள் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடந்தான். மருதம்மாளும் பக்கத்து நிரையில் வெட்டினாள். வீடு திரும்பியதும் யார் சுடுதண்ணீர் வைப்பது என்பதில் இருவருக்கும் தினமும் ஒரு சண்டை நடந்தது. முன்பெல்லாம் அந்தச் சண்டைக்கே இடமிருக்கவில்லை.

சயாமிலிருந்து எலும்பும் தோலுமாக ஒருசிலர் வந்து சேர்ந்தார்கள். பழனியாண்டி அவர்களில் இல்லை. அவனைப் பார்த்ததாகச் சொன்னவன்கூட, எங்கே, எப்போது என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டான்.

பிரேமாவதிக்கு நாலு வயது முடிந்தும் காது குத்தவில்லை. தகப்பன் வரட்டும் என்று நவமணி தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் குழந்தைவேலுவின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மருதம்மாள்தான் முதலில் பார்த்தாள்.

“உள்ள வா, நவமணி.”

“இருக்கட்டும். அண்ணன் இருக்காரா?”

குழந்தைவேலு வெளியே வந்தான். மூன்று வருஷமாகிறது அவள் அவனிடம் பேசி. அவள் பேசியபோது, நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்வதுபோல இருந்தது.

“வர்ற வெள்ளிக்கிழமை புள்ளைக்குக் காது குத்துறேன். தாய்மாமன் மடில வச்சுக் குத்தணும். எனக்குக் கூடப்பொறந்தவங்க ஊர்ல இருக்காங்க, இங்க யாருமில்ல. நீங்க வந்து உக்காருங்க.”

குழந்தைவேலு தலையை ஆட்டினான்.

“மாமன் சீருன்னு ஏதாச்சும் செய்யணுமே,” என்றாள் மருதம்மாள்.

“ஒண்ணும் வேணாம். புள்ள கையக் கால உதறும். அழுத்திப் புடிச்சாப் போதும்.”

வெள்ளிக்கிழமை கோயில் முன்னால் பாய் போட்டார்கள். குழந்தைவேலு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். கூலிமிலிருந்து வந்த பத்தர் கம்பியை எடுத்ததும் பிரேமாவதி நிலைமையைப் புரிந்துகொண்டு ஊரைக் கூட்டினாள். அவன் ஒரு கையால் அவள் தலையையும் மறு கையால் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். முதல் காதில் கம்பி ஏறியபோது அவள் அவன் முழங்கையில் கடித்துவிட்டாள். நல்ல கடி. பத்தர் கொஞ்சம் நிறுத்தி, “என்னங்க, விட்டுட்டு அப்புறம் குத்தலாமா?” என்று கேட்டார்.

“பரவால்லங்க, இன்னொரு காதையும் முடிச்சிருங்க,” என்றான் குழந்தைவேலு.