கழுவிக் கொடுத்த வளையம்

ஆய்வு மையத்தில் அவளுக்கு வளையக்கா என்றே பெயர். ஆணுறை என்றாலே எரிந்து விழும் புருஷன்மார்களிடம் கெஞ்சிச் சலித்த பெண்களுக்கு, எச்ஐவி தொற்றாமல் காக்குமா என்று சோதிக்க, பெண்ணுறுப்புக்குள் வைத்துக்கொள்ளும் மருந்து வளையத்தைக் கொடுப்பவள் அவள்தான். மாதம் முடிந்ததும் பழையதை வாங்கி, ஒழுங்காக அணிந்தார்களா என்று அறிய, மருந்து எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஆய்வகத்துக்கு அனுப்புவாள்.

அன்று காலை பெரிய டாக்டர் வந்தார். "வர்ற வளையத்துல மருந்து அளவு தாறுமாறா இருக்கு. எதையும் நம்ப முடியல. ஆய்வை நிறுத்தியாச்சு."

வளையக்காவுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அடுத்து வந்த தையல்காரி நீட்டிய வளையத்தைப் பார்த்தாள். "ஏம்மா இவ்வளவு பளபளன்னு இருக்கு?"

"சோப்புப் போட்டுக் கழுவி, வெந்நீர்ல கொதிக்க வச்சேன்க்கா. எல்லாரும் அப்படித்தான். அங்கேருந்து எடுத்ததை அப்படியே உங்க கையில குடுக்க முடியுமா?"

மருந்து கரைந்துவிடும், கழுவாதே என்று சொல்ல வளையக்காவுக்குத் தோன்றியதே இல்லை. சொல்லியிருந்தாலும் மானமுள்ள எவள் கேட்டிருப்பாள்?

"பரவால்லம்மா."

"சரி, புதுசு குடுங்கக்கா. அவரு நாளைக்கு வெளியூர் வேலையிலேருந்து திரும்பி வர்றாரு."

வளையத் தட்டு காலியாக இருந்தது. வளையக்கா மேசைமேல் இருந்த ஆணுறைப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள்.