ராஜா செத்த வீட்டில் நிச்சயதாம்பூலம்

காலை ஏழு மணிக்கு நாகர்கோவிலில் பஸ் ஏறினேன். பூதப்பாண்டி ஐந்து மைல், டிக்கெட் இரண்டணா. அங்கிருந்து தம்பி வீட்டுக்கு இன்னும் ஒன்றரை மைல் உண்டு. அன்று அவன் மகளுக்கு நிச்சயதாம்பூலம். பழைய காலத்து நாலுகட்டு வீடு. மெட்ராஸ்காரர்கள் அங்கே ராஜா கதை ஒன்றைச் சினிமாப் படம் எடுப்பதாகவும், முந்தின நாளே முடித்துவிடுவார்கள் என்றும் தம்பி காகிதம் போட்டிருந்தான்.

பூதப்பாண்டியில் மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வில்வண்டி பிடித்து நின்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா என்னையும் ஏற்றிக்கொண்டாள். மடியில் வெற்றிலைத் தட்டு. வழியில் அவள் பேசினாள், நான் தலையாட்டினேன். நாலு பேர் நடுவில் எனக்கு வாய் வராது.

எட்டரை மணிக்குக் குளத்தங்கரை வளைவில் ஒப்பாரி கேட்டது. வண்டிக்காரர் மாட்டை இழுத்துப் பிடித்தார்.

"பெண்ணு வீட்டுலதான் கேக்கு. யாரோ போயிட்டாவ."

மாப்பிள்ளையின் அம்மா தட்டை முந்தானையால் மூடினாள். "வண்டியத் திருப்பும் வேய்."

எங்கள் பக்கம் நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் சாவு அழுகை கேட்டால் திரும்பிவிடுவார்கள். அப்படித் திரும்பிய சம்பந்தம் பிறகு கூடுவது அபூர்வம்.

தம்பிதானோ என்று வண்டிக்கு வெளியே தலையை நீட்டினேன். காது கொடுத்தேன். ஒரு கிழவி ஓர் அடியை இழுத்தாள், நின்றது. மறுபடி அதே அடி, அதே இடத்தில் நின்றது. மூன்றாம் தரமும் அப்படியே. செத்த வீட்டில் ஒருத்தியும் இப்படி நிறுத்தி நிறுத்தி முதலிலிருந்து அழமாட்டாள்.

"மயினி, இது சினிமாக்காரங்க அழுகை" என்றேன் மாப்பிள்ளையின் அம்மாவிடம்.

"அழுகைன்னா அழுகைதான். செத்தவன் எந்திரிச்சு வந்து சொன்னாத்தான் நான் வண்டிய விட்டு இறங்குவேன்."

"செத்த நேரம் நில்லுங்க" என்று இறங்கி நடந்தேன்.

முற்றத்தில் பட்டு விரித்த கட்டிலில் ராஜா கிரீடத்தோடு உட்கார்ந்து சுக்குக்காப்பி குடித்துக்கொண்டிருந்தார். தம்பி கையைப் பிசைந்தான். "ஒரு அழுகைதான் பாக்கின்னு சொன்னானுவ அக்கா."

நான் நேரே ராஜாவிடம் போய், "வளைவு வரைக்கும் எங்கூட வரணும்" என்றேன். அந்நிய ஆண்பிள்ளையிடம் நான் கேட்ட முதல் உதவி அது.

கிரீடமும் வெறுங்காலுமாக வந்து வண்டி முன் கும்பிட்டார். "நான்தாம்மா செத்தது."

மாப்பிள்ளையின் அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மூக்குப் பஞ்ச எடுத்துட்டுப் பேசும். தட்டு மாத்திப் பந்தி முடியது வரைக்கும் அந்த வீட்டுல யாரும் சாவப்பிடாது."

பத்து மணிக்குத் தட்டு மாற்றினார்கள். ராஜா முதல் பந்தியில் உட்கார்ந்து இரண்டு தரம் பாயசம் வாங்கினார்.

மூன்றரைக்குத் திரும்பினோம். வளைவு வரும்போது பின்னால் ஒப்பாரி தொடங்கியது. வண்டிக்காரர் மாட்டை நிறுத்தவில்லை.

"பாவம்," என்றாள் மயினி, "நல்லாச் சாப்பிட்ட மனுசன்."