வாகையடியில் கூடிய இரண்டு சங்கங்கள்

எங்கள் வீட்டில் இரண்டு சங்கங்கள் இருந்தன. நான் மலைச்சரிவில் மரம் நடுகிறவர்களின் சங்கம். என் கணவர் ஊருக்குள் மரமேறிக் கிளை கழிக்கிறவர்களின் சங்கம். கிரிவலப் பாதைதான் எல்லை. பாதையோரம் நாங்கள் கன்று நட்டுவிட்டு வருவோம். மறுநாளே அவர்கள் மேலிருந்து கிளையை வெட்டி அதன் தலையிலேயே போடுவார்கள். கேட்டால், "இங்க கன்னு இருக்குனு யாரு சொன்னா?" என்பார்கள்.

இரண்டையும் ஒன்றாக்க வேண்டும் என்று நான் கத்தாத கூட்டமில்லை. எங்கள் தலைவர் மசியவே மாட்டார். "ஊட்டுக்காரருக்கு ஆள் சேக்கிறியாம்மா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். அவர் மேல் வந்த கோபத்தில் அன்று என் கணவருக்குச் சோறு குழைந்துபோனது.

இந்த நேரம் பார்த்து, சங்கத்தில் சேர்ந்த புதிதில் நான் நட்ட வாகை மரத்தின் பெரிய கிளை காற்றில் விரிசல் விட்டது. மரம் மலைப் பக்கம். கிளை பாதைக்கு மேலே. பௌர்ணமிக்குள் கிளையை இறக்காவிட்டால் மரத்தையே வெட்டிவிடுவோம் என்று வனத்துறை ஆபீசில் சொல்லிவிட்டார்கள். "வேர் உங்க பக்கம், நீங்களே பாத்துக்குங்க" என்றது என் கணவரின் சங்கம். "வெட்டினா வெட்டட்டும், வேற கன்னு வெச்சிக்கலாம்" என்றார் எங்கள் தலைவர். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். மரக்கடைக்காரர் வந்து அடிமரத்தைக் கட்டிப்பிடித்து அளந்துவிட்டுப் போனார்.

நான் நச்சரித்த நச்சரிப்பில், இணைவதா வேண்டாமா என்று இரண்டு சங்கமும் கூடி, கை தூக்கி முடிவெடுப்பதாக ஏற்பாடு. கூட்டம் வாகையடியில்தான் என்று நானே அறிவித்து, ஜமுக்காளத்தையும் விரித்தேன். வந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அந்தக் கிளைக்குக் கீழே உட்கார ஒருவருக்கும் தைரியமில்லை. பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. மரத்துக்கு மறுபக்கம் இருந்ததோ கொஞ்சம் நிழல்தான். ஜென்ம விரோதிகள் அத்தனை பேரும் முழங்காலோடு முழங்கால் இடிக்க அதில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நம்மளாலயே அங்க குந்த முடியல, ஜனங்க எப்படிங்க நடப்பாங்க?" என்று கேட்டேன்.

என் கணவர் எழுந்து கயிற்றைத் தோளில் போட்டார். "நான் ஏறுறேன். ஆனா மெதுவா எறக்கலைனா கீழ இருக்கிற கன்னெல்லாம் நசுங்கிடும். கயிறு புடிக்க எங்க ஆளுங்க மட்டும் பத்தாது."

எங்கள் சங்கத்துக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து கயிற்றைப் பிடித்தார்கள். தலைவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேலே ரம்பம் ஓடியது. கிளை அறுபட்டுத் தொங்கியதும் அதன் பாரம் கயிற்றோடு எல்லோரையும் முன்னால் இழுத்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அப்போது பாருங்கள், அந்த மனிதர் ஓடிவந்து கயிற்றைப் பற்றிக்கொண்டு கத்தினார்:

"விட்றாதீங்கப்பா! நம்ம ஆளு மேல இருக்காரு!"

நம்ம ஆளு! எத்தனை கூட்டத்தில் தொண்டை கிழியப் பேசியும் என்னால் அவர் வாயிலிருந்து வரவழைக்க முடியாத சொல்.

கிளை ஒரு கன்றைக்கூட மிதிக்காமல் தரையில் வந்து படுத்தது. கை தூக்கச் சொன்னேன். கயிறு உரசிச் சிவந்திருந்த தலைவரின் கைதான் முதலில் உயர்ந்தது.

பௌர்ணமியன்று ஜனம் வெள்ளமாக அந்த வாகையின் கீழே நடந்துபோனது. ஒருவர்கூட அண்ணாந்து பார்க்கவில்லை. எனக்கு வேறென்ன வெற்றி வேண்டும்!