மூன்று முறை கூப்பிட்டும் வராதவர்

அந்த மலிவுக் கட்டண மருத்துவமனையில் டோக்கன் அக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. மைக்கில் நம்பர் கூப்பிடுவதுதான் அவள் வேலை. பதினாறு வருஷமாக ஒரே முறை: மூன்று தடவை கூப்பிடுவாள், ஆள் எழுந்து வரவில்லையென்றால் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு, அடுத்த நம்பர். சிறுநீரகம் பழுதாகி, செவ்வாயும் வெள்ளியும் ரத்தச் சுத்திகரிப்புக்கு வரும் தன் வீட்டுக்காரரையே, வாசலில் யாரோடோ கதை பேசிக்கொண்டு நின்றதற்காக ஒருமுறை கோடு போட்டுக் கடைசியில் உட்காரவைத்தவள்.

தேர்தல் வந்ததும் வேட்பாளரின் ஆட்களுக்கு அந்தக் குரல்மேல் கண். அக்கா சொன்னால் ஜனங்கள் நம்புவார்கள் என்று பிரச்சார வண்டிக்குப் பதிவு செய்யக் கூப்பிட்டார்கள். தாளில் ஒரே வரி: 'மலிவு மருத்துவத் திட்டம் எல்லோருக்கும் தொடரும்.' படித்தவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. திட்டம் நின்றால் வெளியே அதே சிகிச்சைக்கு வழியில்லை. சிகிச்சை நின்றால் வீட்டுக்காரர் பிழைக்க மாட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு மனசாரப் படித்தாள்.

நான்கே நாளில் மறுபடி ஆள் வந்தது. எல்லோருக்கும் என்றதற்குக் கடைத்தெரு வியாபாரிகள் முகம் சுளித்தார்களாம், ஒரு சொல் சேர்க்க வேண்டுமாம்: 'தகுதியுள்ள எல்லோருக்கும்.' தொலையட்டும் என்று அதையும் படித்தாள். அடுத்த வாரம் இன்னொரு தாள். 'சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் நீங்கலாக.' அவளுக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு மனிதருக்கு வாரத்துக்கு ஒரு நாக்கா முளைக்கும்? அவள் வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறதே பழைய சரக்கு வண்டி, அதுவும் சொந்த வண்டிதானே. உடம்பு கெட்ட நாளிலிருந்து வீட்டுக்காரர் அதை ஓட்டவில்லை. தினமும் கண்ணாடியைத் துடைப்பதோடு சரி.

படிக்க மாட்டேன் என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நேரே வேட்பாளரின் அலுவலகத்துக்குப் போனாள். இரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் காக்கவைத்தார்கள். அங்கே டோக்கனும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஒருவழியாகக் கும்பிட்டபடி வந்தவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"உங்க வீட்டுக்காரருக்கு நான் பாத்துக்கறேன்மா. நீங்க படிங்க."

"இவருக்கு நீங்க பாத்துப்பீங்க. பக்கத்துப் படுக்கைல கிடக்கற கொத்தனாரு பைக் வச்சிருக்காரு. அவருக்கு யாரு பாத்துப்பா?"

அதெல்லாம் ஜெயித்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று அவர் அடுத்த ஆளைப் பார்த்துக் கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்து கொட்டித் தீர்த்தாள். வீட்டுக்காரர் எழுந்து போய்த் தார்ப்பாயின் முனையை இழுத்துக் கட்டினார். பிறகு, வண்டியை விற்றுவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. என்றைக்காவது ஓட்டுவோம் என்ற நினைப்பில்தான் அவர் ஊசிக்குக் கையை நீட்டுகிறார் என்று அவளுக்குத் தெரியும். அதையும் பிடுங்கிக்கொள்ள ஒரு துண்டுத் தாள் போதுமா?

வெள்ளிக்கிழமை காலை வேட்பாளர் படமெடுப்பவர்களோடு மருத்துவமனைக்கே வந்துவிட்டார். உங்கள் ஆரோக்கியமே என் மூச்சு என்று வரிசை வரிசையாகக் கைகுலுக்கினார். டோக்கன் அக்கா மைக்கை வாய்ப்பக்கம் இழுத்தாள்.

"வேட்பாளர் ஐயா. சொந்த வண்டி இருக்கறவங்களுக்கு வைத்தியம் உண்டா, இல்லையா?"

அவர் சிரித்துக்கொண்டே ஒரு குழந்தையைத் தூக்கினார். நம்பர் கூப்பிடும் அதே குரலில், அதே நிதானத்தில் இரண்டாம் தடவை கேட்டாள். அவர் போனை எடுத்துக் காதில் வைத்தார். மூன்றாவது தடவை கேட்டாள். நல்ல கேள்வி, உட்கார்ந்து பேசுவோம் என்று கையாட்டியபடி அவர் வாசலை நோக்கி நடந்தார்.

அவள் சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

"ஆள் வரலை. அடுத்த நம்பர், நாப்பத்திரண்டு."

நாற்பத்திரண்டு அவள் வீட்டுக்காரர். முதல் தடவையிலேயே எழுந்துவிட்டார்.