மகளுக்காக ஒரு ஸ்குவாட் ரேக்

எங்களுக்கு ஒரே மகள். இருபத்தாறு வயது, சென்னையில் வேலை. மூன்று வருடமாக அங்கே ஒரு ஜிம்மில் எடை தூக்கிப் பழகுகிறாள். முதன்முதலில் போனில் சொன்னபோது, "பொம்பளப் புள்ளக்கி எதுக்கும்மா மூட்ட தூக்கற வேல?" என்று கேட்டுத் தொலைத்தேன். நான் அப்படித்தான். யோசனை வருவதற்குள் வாய் வந்துவிடும். அதற்குப் பிறகு பல நாள் அவள் அம்மாவோடு மட்டும்தான் பேசினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன்.

ஊருக்கு வந்தாலும் தங்கமாட்டாள். சனிக்கிழமை மத்தியானம் வருவாள், மறுநாள் சாப்பிட்ட கையோடு ஜங்ஷனுக்குக் கிளம்பிவிடுவாள். "இன்னும் ரெண்டு நாள் இரேம்மா" என்றால், "இங்க எங்கப்பா ஸ்குவாட் பண்றது? நாலு நாள் வுட்டா பழசெல்லாம் போயிடும்" என்பாள். விருத்தாசலத்தில் ஜிம் இல்லாமல் இல்லை. நானே போய்ப் பார்த்தேன். நாலைந்து பையன்கள் கண்ணாடிக்கு முன்னால் நின்று தங்கள் கையைத் தாங்களே ரசித்துக்கொண்டிருந்தார்கள். வந்த வழியே திரும்பிவிட்டேன்.

எங்கள் வீடு ஜங்ஷனுக்குப் பக்கம். பகல் முழுக்க ரயில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். முப்பது வருடமாகக் கேட்டுக் காது மரத்துப்போன சத்தம். அவள் சென்னைக்குப் போன பிறகு ஒவ்வொரு முறை ரயில் கூவும்போதும் எழுந்து வாசலுக்குப் போய் நிற்க ஆரம்பித்தேன். இந்த வயதில் என்ன கோழைத்தனம் இது என்று என் மேலேயே எரிச்சல் வரும். ஆனாலும் ஏக்கம் ஏக்கம்தான். அவள் நம் வீட்டில் ஒரு பத்து நாள் சேர்ந்தாற்போல் இருக்கவேண்டும், தூங்கி எழுந்து தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வந்து டீ கேட்கவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

இடம் இல்லை என்பதுதானே அவள் சொல்லும் குறை, அந்த இடத்தை நாமே செய்துவைத்தால் என்ன என்று ஒருநாள் தோன்றியது. வீட்டுக்குப் பின்னால் ஷீட் போட்ட கொட்டகை ஒன்று உண்டு. உடைந்த நாற்காலி, பழைய சைக்கிள், நான் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த பிளாஸ்டர் அச்சுகள் என்று குப்பையாகக் கிடந்தது. அன்று சாயங்காலமே போன் போட்டேன்.

"ஸ்குவாட் பண்றதுக்கு என்னென்னம்மா வேணும்?"

"எதுக்குப்பா கேக்கறீங்க?"

"சும்மா சொல்லேன்."

சொன்னாள். இரும்பு ராடைத் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுவதுதான் ஸ்குவாட். அவ்வளவு எடையைத் தரையிலிருந்து எடுத்துத் தோளில் ஏற்ற முடியாது. நெஞ்சு உயரத்தில் இரண்டு கொக்கிகளில் ராடு காத்திருக்கவேண்டும். நாம் குனிந்து தோளைக் கொடுத்து நிமிர்ந்தால் அது நம்மோடு வந்துவிடும். அந்தக் கொக்கிகளைத் தாங்கி நிற்கிற இரும்புச் சட்டம்தான் ரேக். ஒரு மகளும் அப்பாவும் பேசிக்கொள்ள இதில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். அன்றைக்கு முப்பது நிமிடம் பேசினாள். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், என் மனைவி வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் அதுதான் பேச்சு. ஆன்லைனில் பார்த்து படம் அனுப்புவேன். தனித்தனியாக இரண்டு கால் நிற்கும் ஸ்டாண்டுதான் இருப்பதிலேயே மலிவு. அதை அனுப்பினால், "ஐயோ அப்பா, அதுல சேஃப்டி இல்ல. எழுந்திரிக்க முடியலன்னா ராட எங்க போட்றது?" என்பாள். நான் பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்கிறேன் என்றேன். "எம்பது கிலோவ நீங்க புடிப்பீங்களா, உங்களயும் சேத்து நான் புடிக்கணும்" என்று சிரித்தாள். நாலு பக்கமும் தூண் வைத்த கூண்டு ஒன்று இருந்தது. அதன் விலையைப் பார்த்தபோது எடை தூக்காமலேயே எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நடுத்தரமாக ஒன்றை எடுத்தால் குழாயின் கனம் போதாது என்பாள். கனமாக இருப்பது உயரமாகவும் இருக்கும், கொட்டகை ஷீட்டில் இடிக்கும். இப்படியே மார்கழி போய்த் தையும் வந்தது.

உண்மையைச் சொல்கிறேன். பத்தாவது நாளே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நாற்பது வருடம் பீங்கான் கம்பெனிகளில் அச்சு செய்து பிழைத்தவனுக்கு ஒரு இரும்புச் சட்டம் புரியாமல் போகுமா? புரியாத மாதிரியே கேட்டுக்கொண்டிருந்தேன். புரிந்துவிட்டது என்று சொன்னால் மறுநாள் எதைப் பேசுவது? என் மனைவிக்கு அது தெரியும். "இன்னும் எத்தினி நாளைக்கி வாங்காமயே இருக்கப் போறீங்க?" என்று ஒருநாள் கேட்டாள். நான் பேப்பரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மகளே வழி சொன்னாள். ராடும் அதில் மாட்டுகிற எடை பிளேட்டும் கடையில் வாங்கிக்கொள்ளலாம், சட்டத்தை மட்டும் உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளலாம். வரிசையாக ஓட்டை போட்டு, கொக்கியை ஏற்றி இறக்குகிற மாதிரி செய்தால் கூலி கூடும். "எனக்கு மட்டும்தான, ஒரே உயரத்துல வெல்டு வச்சிடுங்க" என்றாள். கொக்கி நாற்பத்தாறு அங்குலம், ராடு கீழே விழாமல் தாங்குகிற சேஃப்டி இருபத்தெட்டு. ஜிம்மில் ஒருத்தியை டேப் பிடிக்கச் சொல்லி அளந்து அனுப்பியிருந்தாள். அவள் உடம்புக்கு மட்டுமே பொருந்துகிற ஒரு பொருள் என் வீட்டில் இருக்கப்போகிறது என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனியில் வேலைக்கு நடுவே உட்கார்ந்து, சட்டத்தைத் தாளில் வரைந்து அளவு போட்டேன். வாங்கிவந்த ராடையும் வரைபடத்தையும் கொண்டுபோய்ப் பட்டறையில் கொடுத்தேன். ஷீட்டுக்குக் கீழே அடங்கும்படி சட்டத்தின் மொத்த உயரத்தை வெல்டரே வந்து அளந்துகொண்டார்.

அந்த வாரமே அவள் சொன்னாள். மாசி மகத்துக்கு வருகிறாளாம், பத்து நாள் லீவு போட்டிருக்கிறாளாம். என் மனைவி போனை வாங்கி, மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

அங்கேதான் நான் கெட்டேன். மறுநாள் டீக்கடையில் தெரிந்தவர் ஒருவர் ஒரு ஜாதகத்தைப் பற்றிச் சொன்னார். சேத்தியாத்தோப்புப் பக்கத்துக் குடும்பம், நிலம் நீச்சு உண்டு, பையன் சென்னையில் என்ஜினியர். "பாப்பா வந்தா சொல்லுங்க, சும்மா திருவிழாவுக்கு வந்த மாதிரி வந்துட்டுப் போறாங்க" என்றார். பத்து நாள் இருக்கிறாளே, இதைவிட நல்ல சமயம் எப்போது வாய்க்கும் என்று எனக்கும் பட்டது. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள் என்றேன். வீட்டில் மூச்சுவிடவில்லை.

புதன்கிழமை வந்தாள். பையைக்கூட இறக்காமல் கொட்டகைக்கு ஓடினாள். சுத்தமாகப் பெருக்கி, சுண்ணாம்பு அடித்து, நடுவில் நீல பெயிண்டு அடித்த ரேக்கை நிறுத்திவைத்திருந்தேன். அதை ஒருமுறை சுற்றி வந்தாள். பிறகு ராடுக்குக் கீழே தோளைக் கொடுக்கக் குனியப் போனவள், குனியாமல் அப்படியே நின்றாள். ராடு அவள் தோளுக்கு நேராக இருந்தது. எடுக்கவேண்டுமானால் நுனிக்காலில் எம்பவேண்டும்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய் வெல்டரைப் பிடித்துக் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த தாளை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்க எழுதனதுதாண்ணே."

கொக்கி ஐம்பத்தொன்றரை. சேஃப்டி முப்பத்தொன்று. என் கையெழுத்துதான். களிமண் சூளையில் வெந்தால் சுருங்கும். நூறு வேண்டுமென்றால் நூற்றுப் பன்னிரண்டுக்கு அச்சு செய்யவேண்டும். நாற்பது வருடமாக எந்த அளவைப் பார்த்தாலும் என் கை சுருக்கத்தைச் சேர்த்துத்தான் எழுதும். இரும்புக்கும் சேர்த்து எழுதியிருக்கிறது. வெல்டர் சிரிக்காமல் இருந்தார், அந்த மரியாதைக்கு அவருக்குக் கும்பிடு போடலாம். திருவிழாப் பந்தல் வேலை இருக்குது, திங்கட்கிழமைதான் அறுத்து இறக்கித் தர முடியும் என்றார். நாளைக்கே வேண்டும் என்று நான் கெஞ்சினேன். அவர் ஆகாது என்று கையை விரித்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எடை தூக்க இடமில்லை என்றால் நாளைக்கே கிளம்பிவிடுவாளே என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கொட்டகைப் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். சுருக்கக் கணக்கைச் சொன்னேன். டீ சிந்தச் சிந்தச் சிரித்தாள். அவள் அம்மாவைக் கூப்பிட்டு அவளுக்கும் சொல்லிச் சிரித்தாள்.

"திங்கக்கிழம ஆயிடும்மா. அதுவரைக்கும் இருப்பியா?" என்றேன். குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது.

சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஜிம்மு இல்லாததால நான் வராம இல்லப்பா" என்றாள். "ரெண்டாம் நாள் சாயங்காலம் ஜாதகத்த எடுப்பீங்க. மொத நாள் எடுக்கமாட்டீங்க, வந்த புள்ளன்னு பாப்பீங்க. அதனால நான் ஒரு நாளோட போயிடுவேன். உங்ககிட்ட அத எப்பிடி சொல்றதுன்னு தெரியல, ஸ்குவாட்டுன்னு சொன்னேன். இந்த ரெண்டு மாசமா போன்ல நீங்க அதப் பத்தி ஒரு வார்த்த பேசல. எனக்கு எவ்ளோ நல்லா இருந்துச்சு தெரியுமா? அதான் லீவு போட்டேன். ரேக்கு எப்ப வேணா வரட்டும், நான் இருக்கறேன்."

எனக்குச் சந்தோஷம் பாதி, பயம் பாதி. அவள் குளிக்கப் போன பிறகு மனைவியிடம் ஞாயிற்றுக்கிழமை விஷயத்தைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. என் போனை எடுத்துவந்து என் கையில் வைத்தாள்.

"வேணாம்னு சொல்லிடுங்க. இப்பவே சொல்லுங்க."

சொல்லியிருக்கலாம். அரை நிமிட வேலை. நாலு நாளும் போனைக் கையில் வைத்துக்கொண்டேதான் இருந்தேன். வருகிறவர்களை எந்த முகத்தோடு வேண்டாம் என்பது, ஜாதகம் சொன்னவர் ஊரில் என்ன பேசுவார், வந்து டீ குடித்துவிட்டுத்தானே போகப்போகிறார்கள், அவளும் நல்ல மனநிலையில்தானே இருக்கிறாள். இப்படி ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சாக்கு. இதற்கு நடுவில் அந்த நாலு நாளும் நான் ஏங்கின மாதிரியே நடந்தது. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வந்து டீ கேட்டாள். கோயில் கூட்டத்தில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அம்மாவோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். அதைக் கெடுத்துக்கொள்ளக்கூடாது என்று நினைத்து நினைத்தே, கெடாமல் காப்பாற்றும் அந்த ஒரு போனைப் போடாமல் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது. தட்டு நிறைய பழமும் பூவுமாக நாலு பேர் இறங்கினார்கள். மகள் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். "வாங்க, உக்காருங்க" என்றாள். டீ கொடுத்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஒரு சொல் குறையவில்லை, ஒரு மரியாதை குறையவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்குத் தெரிந்தது அதுதான்.

அவர்கள் போனதும் பையை எடுத்துவைத்தாள். அவள் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னாள். மகள் அம்மாவின் கன்னத்தைத் தடவிக்கொடுத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். நான் வண்டியை எடுத்தேன். வேண்டாம் என்று சொல்லாமல் பின்னால் உட்கார்ந்தாள்.

மூன்றாவது பிளாட்பாரத்தில் திருவிழாவுக்கு வந்துவிட்டுத் திரும்புகிற கூட்டம். ரயில் வந்து நின்றது. ஏறப் போனவள் நின்று, என்னைப் பார்த்துக் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"தெனமும் சாயங்காலம் எங்கிட்ட பேசனதெல்லாம் இதுக்குத்தானாப்பா?"

"இல்லம்மா" என்றேன்.

சத்தியமாக இல்லை. ஆனால் அவள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டாள்.