மகளோடு ஐந்து கூடங்கள்

அவருக்கு நேராக நிற்க வராது. வலது காலை ஊன்றி, இடது முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, இடுப்பை ஒரு பக்கம் ஒதுக்கி, தலையை மறுபக்கம் சாய்த்துத்தான் நிற்பார். பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் அப்படித்தான், அடுப்பில் பால் பொங்கக் காத்திருக்கும்போதும் அப்படித்தான். கொஞ்ச நேரம் போனதும் காலை மாற்றுவார். இடுப்பும் தலையும் தாமாகவே பக்கம் மாறிக்கொள்ளும். அருங்காட்சியகத்தில் கல் பெண்களுக்கு நடுவே இருபது வருஷத்துக்கு மேல் காவல் நின்றதில் உடம்போடு ஒட்டிக்கொண்ட நிலை அது.

"கொஞ்சம் ஆம்பளை மாதிரி நில்லுங்களேன். பார்க்கிறவங்க சிரிக்கிறாங்க" என்பாள் மனைவி.

"சிரிக்கிறவங்க டிக்கெட் வாங்கிட்டுச் சிரிக்கட்டும்" என்பார் அவர்.

இதெல்லாம் அந்த வீட்டில் சிரிப்பு இருந்த காலத்துப் பேச்சு.

அவர்களுடைய ஒரே மகள் சாப்பாட்டை விட்டுக்கொண்டிருந்தாள். ஒரே நாளில் விடவில்லை. முதலில் இரவுச் சாப்பாடு போயிற்று. கல்லூரியிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்றாள். அப்புறம் காலைச் சாப்பாடு, நேரமாகிவிட்டது என்றாள். அதற்கப்புறம் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டாள். அம்மா துருவித் துருவிக் கேட்டதில் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரு புகைப்படத்தின் கீழே எவளோ ஒருத்தி, 'பின்னாடி குண்டா நிக்கிறது யாரு, டீச்சரா?' என்று எழுதியிருந்தாளாம். அவ்வளவுதான். ஒரு வரி. அதைத் தின்றுதான் அவள் உயிரோடிருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றும்.

அம்மா கெஞ்சினாள், திட்டினாள், தானும் பட்டினி கிடந்து பார்த்தாள். ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்கள். "வயித்துல கோளாறு இல்ல. மனசுக்குப் பார்க்கிறவங்ககிட்ட போகணும். தள்ளிப் போடாதீங்க, இதயம் தாங்காது" என்றார் டாக்டர். மகள் மசியவில்லை. "எனக்கென்ன பைத்தியமா?" என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திய கதவுக்கு வெளியே அவர் காலை மாற்றி மாற்றி நின்றார். உள்ளே அழுகைச் சத்தம்கூட இல்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வழிகாட்டிகள் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்து சொல்வது அத்தனையும் அவருக்கு மனப்பாடம். 'அழகுங்கிறது வானத்துலேர்ந்து விழுந்தது இல்ல. காலத்துக்குக் காலம் மனுஷங்க மாத்திக்கிட்டே வந்தது' என்று தொடங்குவார்கள். இதைச் சொல்லி நம்ப வைக்க முடியாது. ஆனால் கல்லிலும் வெண்கலத்திலும் கண்முன்னே நிற்கிறதே! ஒரு தடவை பார்த்துவிட்டால் போதாதா?

"ஒரே ஒரு தடவை வாம்மா. அப்பாவுக்காக."

வீட்டில் இருந்தால் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார்கள் என்பதால் மகள் சரி என்றாள்.

முதல் கூடத்தில் சொந்தக்காரர்களை அறிமுகப்படுத்துவது போல அறிமுகப்படுத்தினார். மரக்கிளையை வளைத்துப் பிடித்து நிற்கும் பெண், கண்ணாடி பார்க்கும் பெண், சாமரம் வீசும் பெண். "பாரும்மா, ரெண்டாயிரம் வருஷமாச்சு. இந்தத் தோளைப் பாரு, தொடையைப் பாரு. அந்தக் காலத்துல இவங்கதான் பேரழகி. உடம்பு நிறைஞ்சிருந்தா ஊரும் நிறைஞ்சிருக்கும்னு நினைச்சாங்க."

மகள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "இடுப்பைப் பார்த்தீங்களாப்பா?"

"இடுப்புக்கு என்ன?"

"ஒரு கையில பிடிச்சிடலாம்."

அவர் பார்த்தார். அத்தனை வருஷம் பக்கத்திலேயே நின்றவருக்கு அன்றுதான் கண்ணில் பட்டது. அவ்வளவு பாரமான மார்புக்கும் அவ்வளவு அகன்ற தொடைக்கும் நடுவே உடுக்கையின் நடுப்பகுதி மாதிரி ஒரு இடுப்பு. ஒருத்திக்கு இல்லை, எல்லோருக்கும். இத்தனை நாள் இதை எப்படிப் பார்க்காமல் நின்றோம் என்று அவருக்கு வியர்த்துவிட்டது.

அடுத்த கூடத்து வெண்கலப் பெண்களைத் தாண்டி வேகமாக நடந்தார். அங்கே இடுப்பு இன்னும் கொடியாகிப் போயிருந்தது. மூன்றாவதில் உள்ளங்கை அகலச் சிற்றோவியங்கள். காது வரை நீண்ட கண்ணோடு பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தாள் ஒரு ராணி. மகள் குனிந்து பார்த்து, "இந்தம்மாவும் வீட்ல சாப்பிட்டுட்டேன்னு பொய் சொல்லியிருக்கும் போல" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு! அந்தச் சிரிப்புக்குச் சந்தோஷப்படுவதா, சொன்னதற்கு அழுவதா என்று தெரியாமல் அவர் விழித்தார்.

நான்காவது கூடத்தைத்தான் மலைபோல நம்பியிருந்தார். வெள்ளைக்காரர்களிடம் எண்ணெய் வண்ணம் கற்றுக்கொண்டு வரைந்த படங்கள். சதையும் நிழலுமாக, பட்டுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள் ஒரு பெரிய வீட்டுப் பெண். "இங்க பாரு. கை எப்படிப் புசுபுசுன்னு இருக்கு! இவங்க படம் மாட்டாத வீடே இல்லையாம் அப்போ."

"கலரைப் பாருங்க. உள்ள விளக்குப் போட்ட மாதிரி." மகள் தன் கையை அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நீட்டினாள். "இனிமே நான் வெளுக்கவும் செய்யணுமாப்பா?"

திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் வெளியே போகும் வழி ஐந்தாவது கூடத்துக்குள்தான்.

அந்தக் கூடம் அவருக்குப் பிடிக்காது. மூக்கு ஒரு பக்கம், கண் ஒரு பக்கம் என்று கிடக்கும் படங்கள். அங்கே காவல் நிற்பவருக்கு மீசை என்று பெயர். மீசையை எடுத்துப் பல வருஷமாகியும் பெயர் போகவில்லை. கடைசிச் சுவரில் கரியால் வரைந்த ஒரு பெண். எப்போதோ ஒரு பஞ்சத்தில், தெருவோரத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். எலும்பும் நிழலும் தவிர அவளிடம் வேறொன்றும் இல்லை. அந்தப் படம் அங்கே இருப்பதையே அவர் மறந்துவிட்டிருந்தார்.

மகள் நின்றுவிட்டாள். வெகுநேரம் நின்றாள்.

"இங்க இருக்கிறதுலயே இவதான்ப்பா அழகு."

"ஐயோ, அது சோறில்லாம செத்துக்கிட்டிருக்கிற பொண்ணும்மா!"

"படமா வரைஞ்சு, சட்டம் போட்டு, விளக்கும் வெச்சிருக்கீங்க இல்ல? அழகா இல்லாததுக்கா இவ்வளவு பண்ணுவீங்க?"

மறுவாரம் அவள் தானாகவே வந்தாள். அப்புறம் ஒன்றுவிட்டு ஒரு நாள், மதியத்தில், கல்லூரியிலிருந்து நேராக. முதல் கூடத்தில் நிற்கும் அப்பாவுக்குக் கையசைத்துவிட்டு ஐந்தாவதுக்குப் போவாள். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்புவாள். தன் கையாலேயே அழைத்துப்போய் அந்தப் பெண்ணிடம் மகளை ஒப்படைத்துவிட்டு வந்தது போல் அவருக்கு இருந்தது.

மேலதிகாரி அம்மாவின் அறைக்குப் போனார். "மேடம், அந்தப் பஞ்சப் படத்தைக் கொஞ்ச நாளைக்கு உள்ள எடுத்து வெச்சிடலாமா?"

விஷயத்தைக் கேட்டு அந்த அம்மா முகம் வாடினாள். "படம்னா அழகா இருக்கணும்னு இருந்த காலம் முடிஞ்சு, உண்மையா இருந்தா போதும்னு வந்த காலத்துப் படம் அது. பார்த்தா பதறணும்."

"என் பொண்ணு பதறலையே மேடம். ஆசைப்படுறா."

"நாளைக்கு இன்னொருத்தர் இன்னொரு படத்தைச் சொல்லுவாங்க. சுவர்ல ஆணிதான் மிஞ்சும். நீங்க லீவு எடுத்துக்குங்க. முதல்ல பொண்ணை ஆஸ்பத்திரியில சேருங்க."

சேர்க்க முடிந்தால் இங்கே ஏன் வந்து நிற்கப் போகிறார்? நேராக டிக்கெட் தருகிற அக்காவிடம் போய், இனி மகளை உள்ளே விடக் கூடாது என்று சொல்லிவைத்தார். அடுத்த முறை அவள் வந்தபோது அவரே வாசலில் கையை விரித்து நின்றார்.

"ஊருக்கெல்லாம் திறந்திருக்கு. எனக்கு மட்டும் இல்லையாப்பா?"

"உனக்கு மட்டும் இல்ல."

"ப்ளீஸ்ப்பா. கொஞ்ச நேரம்."

"வீட்டுக்குப் போ. போய் ஒரு வாய் சாப்பிட்டுட்டு வா. விடறேன்."

அவள் அவரையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள். படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். இன்னும் ரெண்டு தடவை வந்தாள்; ரெண்டு தடவையும் திருப்பி அனுப்பினார். அதற்கப்புறம் வரவில்லை. வழிக்கு வந்துவிட்டாள் என்று மனைவியிடம் சொன்னார்.

அடுத்த வாரம் கல்லூரி மாடிப்படியில் சுருண்டு விழுந்தாள். மூக்கில் குழாய் வைத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்க வைத்தார்கள். "இப்ப எதுவும் சொல்றதுக்கில்ல. நாடி ரொம்ப மெதுவா இருக்கு" என்றார்கள். மனைவி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

பார்க்க வந்த மீசைதான் ஆஸ்பத்திரி நடைவழியில் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, அன்னிக்கு உங்களோட வந்து நின்னதோட சரி. அதுக்கப்புறம் பாப்பா அந்தப் படத்தை ஒரு நாளும் திரும்பிப் பார்க்கலைண்ணே. படத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் பெஞ்சுல உட்காரும். அங்கேர்ந்து பார்த்தா நாங்க சாப்பிடுற ரூம் நேரா தெரியும். உங்களுக்கு முந்தின பந்தி எங்களுது இல்ல? நாங்க உட்கார்ந்து எழுந்திரிக்கிற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருக்கும். நான் டப்பா மூடியில கொஞ்சம் போட்டு நீட்டுவேன். வாங்கி ஒரு வாய் சாப்பிடும். சில நாள் ரெண்டு வாய். அப்பாகிட்ட சொல்லாதீங்க மாமா, சொன்னா பக்கத்துல வந்து நின்னு பார்ப்பாங்க, எனக்கு இறங்காதுன்னு சொன்னது. அதான் நானும் சொல்லல."