கப்பலை அடையாளம் வைத்த தீவு

வெள்ளிக்கிழமை காலை நாலே முக்கால் மணிக்குச் சங்கரன்கோவிலில் கோவில்பட்டி பஸ் ஏறினேன். டிக்கெட் இரண்டு ரூபாய் அறுபது பைசா. அன்று பெரிய வெள்ளி. சர்ச்சுக்குப் போக வேண்டிய நான், மடியில் நாலு புளியங்குடி எலுமிச்சம்பழத்தோடு கடலுக்குக் கிளம்பியதற்குக் காரணம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேச்சிமுத்து. சரியாகச் சொன்னால், பேச்சிமுத்துவின் பதினோரு ஆடுகள்.

எனக்குக் கயிறு, சாக்கு, கிணற்று வாளி வியாபாரம். ஆட்டு மணியும் வைத்திருப்பேன். முந்தின நாள் சாயங்காலம் நாலு நாள் விடுமுறைக்காகக் கடையைச் சாத்திக்கொண்டிருந்தேன். வாசலில் போவோர் வருவோருக்கு வைத்திருக்கும் தண்ணீர்ப் பானையையும் கவிழ்த்தாயிற்று. அந்த நேரம் பார்த்து இளையரசனேந்தல் பக்கத்து ஆட்டுக்காரர் பேச்சிமுத்து வந்து நின்று, "அண்ணாச்சி, கொஞ்சம் தண்ணி" என்றார். "பானையக் கவுத்துட்டேனய்யா, டீக்கடையில குடியும்" என்றேன். என்ன திருநாள் என்று கேட்டார். சும்மா சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு வாய் நீளம்.

"எங்களுக்காவது நாலு நாளு. கடக்கரைக்காரன் குருத்தோலை ஞாயித்துக்கே வலையச் சுருட்டிருவான். ஈஸ்டர் முடியந்தட்டி கடல்ல ஒரு குஞ்சு இருக்காது."

மனிதர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்ப எங்க ஆட்டுக்கு யாரு அண்ணாச்சி தண்ணி காட்டுவா?"

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு வருஷமாக எங்கள் பக்கம் மழை ஏமாற்றிவிட்டது. தூத்துக்குடிக்கு எதிரே கடலுக்குள் தீவுகள் இருக்கின்றன, புல் சும்மா கிடக்கிறது, நரி கிடையாது, களவு கிடையாது என்று கோவில்பட்டிச் சந்தையில் கருவாடு விற்க வந்த ஒருவர் சொல்லியிருக்கிறார். பேச்சிமுத்து இருந்த பதினோரு ஆட்டையும் தூத்துக்குடி வரை நடத்தியே ஓட்டிப்போய், அந்த ஆளின் வள்ளத்தில் ஏற்றித் தீவில் விட்டுவிட்டார். அங்கே குடிசை போட்டு மீன் காயவைக்கும் ஆட்கள், ஊற்றில் தண்ணீர் இறைத்துக் காட்டுவதாக ஒப்புக்கொண்டார்களாம். மனைவிக்குக் காய்ச்சல் என்று இவர் ஊருக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. அந்தப் பதினோரு ஆடுகளைத் தவிர அவருக்குச் சொத்து என்று ஒன்றும் கிடையாது. நானும் கூட வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

"பெரிய வெள்ளியும் அதுவுமா ஆட்டுப் பின்னால போறியளே" என்றாள் என் மனைவி. ஆனால் எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். கடலில் குமட்டினால் முகர்ந்து பார்க்க.

கோவில்பட்டியில் பஸ் மாறி, எட்டயபுரம் வழியாக ஒன்பது மணிக்குத் தூத்துக்குடி. திரேஸ்புரம் கடற்கரையில் நான் சொன்னபடியே வள்ளங்கள் எல்லாம் கரையேறிக் கிடந்தன. என் பேச்சு பலித்ததில் எனக்கு முதல் முறையாகச் சந்தோஷம் வரவில்லை. ஆடு ஏற்றிய கருவாட்டுக்காரரைத் தேடினோம். அவரும் திருநாளுக்கு மணப்பாட்டுக்குப் போய்விட்டாராம்.

கடைசியில் சங்கு குளிக்கிற மைதீன் பாய் கிடைத்தார். அறுபது ரூபாய் வாடகை பேசினோம்.

"இன்னைக்கு ஜும்மா. நாளைக்கு விடியத் தொழுதுட்டுக் கெளம்புவோம்" என்றவர், "எந்தத் தீவு?" என்று கேட்டார்.

பேச்சிமுத்து விழித்தார். "தீவுதாம் பாய்."

"நாலஞ்சு கெடக்குவே. பேரு என்ன?"

"பேரு கேக்கலியே. ஆனா அடையாளம் வச்சிருக்கேன். தெக்க பெரிய கப்பல் ஒண்ணு நின்னுச்சு, செவப்புப் பட்டை போட்டது. அதுக்கு நேர் வடக்க நம்ம தீவு."

மைதீன் பாய் என்னைப் பார்த்தார். நான் மண்ணைப் பார்த்தேன். "அந்தக் கப்பலு இந்நேரம் சிங்கப்பூர்ல நிக்கும்வே!" என்றார் பாய்.

பேச்சிமுத்துவைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் காட்டில் அடையாளம் என்றால் பாறை, பனை, ஒற்றை வேம்பு. அவ்வளவு பெரிய பொருள் ஒன்று எழுந்து போய்விடும் என்று அவர் எப்படி நினைப்பார்?

மத்தியானம் மும்மணி நேர ஆராதனைக்கு நான் ஒரு சர்ச்சுக்குள் போனேன். அவர் வெளியே வேப்பமரத்தடியில் இருந்தார். சிலுவையில் தாகம் என்று சொன்ன இடத்தைப் பாதிரியார் விளக்கிக்கொண்டிருந்தபோது திரும்பிப் பார்த்தேன். ஒலிபெருக்கி வழியாக அதைக் கேட்டுவிட்டுப் பேச்சிமுத்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் அதற்கு மேல் பிரசங்கம் காதில் ஏறவில்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வள்ளத்தில் ஏறிப் பாய் விரித்தோம். கரைக்காற்று நன்றாகத் தள்ளியது. நாற்பத்தைந்து வயதில் முதல் முறையாகக் காலுக்குக் கீழே தரை இல்லை. ஒரு எலுமிச்சை அப்போதே தீர்ந்தது.

ஏழேகாலுக்கு வான் தீவு. மணல் திட்டு, கொஞ்சம் புதர், சுண்ணாம்புக் காளவாசலுக்காக வெட்டிக் குவித்த பவளக்கல். பேச்சிமுத்து கரையில் நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, "ட்ட்ரியோ... ஹேய்... பே!" என்று கூப்பிட்டார். காட்டில் கூப்பிட்டால் மேட்டில் மோதித் திரும்பி வரும். இங்கே போனது போனதுதான். இரண்டு கடற்காகங்கள் எழுந்து பறந்தன, அவ்வளவுதான்.

"அந்தக் கடக்கரைக்காரப் பயலுவள நம்பினேன் பாருங்க, என்னச் செருப்பால அடிக்கணும்" என்றார். வழிநெடுக அந்த மீன்காரர்களின் ஏழு தலைமுறைக்கும் அர்ச்சனை நடந்தது. நானும் கூடச் சேர்ந்து இரண்டு வார்த்தை போட்டேன், அவர்கள் கத்தோலிக்கர், என் சபையைச் சேர்ந்தவர்கள் இல்லையே என்ற தைரியத்தில்.

எட்டரைக்குக் காசுவார் தீவு. இறங்கியதும் பேச்சிமுத்து ஓட ஆரம்பித்தார். புதர் ஓரத்தில் வெள்ளையாக விலா எலும்புகள். மைதீன் பாய் நிதானமாக வந்து காலால் புரட்டினார்.

"ஆடு இவ்வளவு பெருசா இருக்குமாவே? இது கடப்பசு."

"கடல்லயும் பசுவா?" என்று கேட்டார் பேச்சிமுத்து. அந்த நிலைமையிலும் கேட்டார். "அது என்னத்த மேயும்?"

"கடலுக்கு அடியில புல்லு இருக்கு."

"அங்கனயும் புல்லு இருக்கு. எங்க ஊர்லதான் இல்ல."

பத்து மணிக்கு விலாங்குச்சல்லி. இதைத் தீவு என்று சொல்ல நாக்கூசும். அலை ஏறி இறங்கும் மணல்வரி, ஒரு கட்டில் போடலாம். பேச்சிமுத்து இறங்கவே இல்லை. "பாய், அன்னைக்கு இருந்த தீவு இப்படித் தண்ணிக்குள்ள போயிருக்குமோ?" என்று மெதுவாகக் கேட்டார். மைதீன் பாய் சுக்கானைத் திருப்பினார். நான் மனசுக்குள் ஜெபம் பண்ணினேன். ஆட்டுக்காக ஜெபம் பண்ணியது அதுதான் முதல் தடவை.

பதினொன்றேகாலுக்குக் காரைச்சல்லி. மூன்று ஓலைக் குடிசைகள் தெரிந்ததும் பேச்சிமுத்து இடுப்பளவு தண்ணீரில் குதித்துவிட்டார். "இதாம்! இதாம்!" கூப்பிடவே தேவைப்படவில்லை. புதரிலிருந்து ஒன்று, இரண்டு என்று வந்து அவரை மோதின. காய்ந்த எலும்பாக இல்லை, வயிறு தொங்க. பத்து ஆடு. மணி கட்டிய மூத்த பெட்டையை மட்டும் காணோம்.

அப்போது மணிச் சத்தம் கேட்டது. என் கடையில் விற்ற மணி, எனக்குத் தெரியாதா? ஆனால் சத்தம் தரைக்கு அடியிலிருந்து வந்தது. மூவரும் குடிசைக்குப் பின்னால் ஓடினோம்.

ஊற்றுக் குழிக்கு நேராக இறங்குசரிவு ஒன்று வெட்டியிருந்தார்கள், ஆடு தானாக நடந்து இறங்குகிற மாதிரி. மணல் சரியாமல் இருக்க இருபுறமும் பவளக்கல் அடுக்கி, மேலே பழைய பாய்த்துணியால் நிழலும் கட்டியிருந்தார்கள். அடியில் மூத்த பெட்டை சாவகாசமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அதன் கழுத்தில் மணிக்குப் பக்கத்தில் வலைநூலால் எதையோ கட்டியிருந்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தேன். காய்ந்த குருத்தோலைச் சிலுவை. குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் கொடுப்பது.

அந்தத் தீவில் தென்னையே கிடையாது. அப்படியென்றால் ஞாயிற்றுப் பூசை முடிந்த பிறகு யாரோ ஒருவர், இந்த ஆடுகளைப் பார்ப்பதற்கென்றே இவ்வளவு தூரம் வந்து போயிருக்கிறார்.

பேச்சிமுத்து சரிவில் இறங்கி, ஆட்டுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, இரண்டு கையிலும் அள்ளிக் குடித்தார். "நல்ல தண்ணி அண்ணாச்சி. நம்ம ஊருக் கெணத்துத் தண்ணி உப்புக் கரிக்கும், இது இனிக்குது." பிறகு வாய்விட்டு அழுதார். "அந்த மகராசங்களப் போயி என்னவெல்லாம் சொல்லிட்டேன்!" என் கண்ணும் நிறைந்துவிட்டது. மைதீன் பாய் மட்டும், "வெயில் ஏறுது, கஞ்சி குடிப்பமா?" என்றார். குடித்தோம். தொட்டுக்கொள்ள எலுமிச்சை பிழிந்த வெங்காயம்.

ஆடுகளைக் கொண்டுபோகவில்லை. திங்கட்கிழமை அந்த ஆட்கள் வந்ததும் கண்ணால் பார்த்துக் கும்பிட்ட பிறகுதான் வருவேன் என்று பேச்சிமுத்து அங்கேயே தங்கிவிட்டார். அவர் மனைவிக்கு ஆள் விட்டுச் சொல்லும் பொறுப்பு எனக்கு.

"கேட்டா எந்தத் தீவுன்னு சொல்லணும்?" என்றேன்.

"காரைச்சல்லி. இனி கப்பலு கிப்பலுன்னு சொல்ல மாட்டேன், போங்க."

திரும்பும்போது எதிர்காற்று. மீதி எலுமிச்சையும் என்னைக் காப்பாற்றவில்லை. ஆனாலும் மனசு லேசாக இருந்தது. நாலு மணிக்குக் கரை, இரவு ஒன்பதுக்குள் சங்கரன்கோவில்.

பஸ்ஸில் வரும்போதுதான் அது உறைத்தது. அவர்களும் திருநாளுக்குப் போனார்கள், நானும் திருநாளுக்குக் கடையைச் சாத்தினேன். அவர்கள் பள்ளம் வெட்டி வைத்துவிட்டுப் போனார்கள். நான் பானையைக் கவிழ்த்தேன், அதுவும் சித்திரை வெயிலில்.

வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்குப் போனேன். விற்க வைத்திருந்த வாளி ஒன்றை எடுத்து, தெருக்குழாயில் பிடித்துப் பானையை நிமிர்த்தி நிரப்பினேன். மூடியைப் போட்டு டம்ளரைக் கவிழ்த்தேன். பூட்டப் போகும்போது வேறொரு நினைவு வந்து, அந்த வாளியையும் நிரப்பி, தெரு ஆடுகளுக்கு எட்டுகிற மாதிரி படிக்குக் கீழே வைத்தேன். நாலு ஆடு வாய் வைத்த பிறகு அதைப் புது வாளி என்று விற்க முடியாது. போகட்டும்.